கைகள் மடியில்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே இன்டர்வியூவில் பேசுவது எதுவும் கேட்காது.

கேட்கவும் வேண்டாம்.

இசக்கிராஜாவின் உதடு அசைகிற அசைவிலேயே தெரிந்துவிடும், எந்த வாக்கியம் ஓடுகிறதென்று. எல்லாம் அவள் எழுதிப்போட்டவை. பிளேஸ்மென்ட் வகுப்புப் பலகையில், கட்டம் கட்டி, கீழே ‘அழிக்காதீர்கள்’ என்று போட்டு.

உன் பலம்? கடின உழைப்பு.

பலவீனம்? கொஞ்சம் அதிகமாகவே உழைத்துவிடுவது.

சொந்தக் கதை வேண்டாம். கைகள் மடியில். கடைசியில் ஒரு புன்னகை.

புன்னகைத்தான். எழுந்தான். வெளியே வந்தான்.

“ஒரு வரி விடல மேடம். அப்படியே சொல்லிட்டேன்.”

பெருமையாகத்தான் இருந்தது. அவன் பின்னாலேயே அந்தக் கதவு மறுபடி திறக்கும்வரை.

கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனி அதிகாரி. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“ஏனுங்க மேடம், காலையில இருந்து ஒரே பையனைத்தான் சட்டை மாத்தி மாத்தி அனுப்பறீங்களா?”

கூட வந்தவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒருத்தர்தானுங்களே? பாத்துட்டுக் கெளம்பறோம். இதுவரைக்கும் ஒண்ணும் தேறலீங்க.”

உள்ளே போய்விட்டார்.



கோவில்பட்டி தாண்டி, பஸ் நின்றாலும் ஆள் இறங்காத பொட்டலில் இருக்கும் கல்லூரி. மெயில் போட்டு, போன் போட்டு, நேரில் போய் நின்று, கெஞ்சி வரவழைத்த முதல் பெரிய கம்பெனி. வெறுங்கையோடு திரும்பினால் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

மீதி இருந்தது ஜெபராணி. எல்லாம் அந்தப் பெண் காதிலும் விழுந்திருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும்.

வேறு மாதிரி பேசு என்றா? வேறு எந்த மாதிரி?

எழுதிப்போட்டவளிடம் வேறு வரி இல்லை.

ஜெபராணி உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

முதல் வாக்கியம். இரண்டாவது. பலம். பலவீனம். அச்சுப் பிசகவில்லை. கைகள் மடியில்.

அதிகாரி பேனாவை மூடினார். சாய்ந்து உட்கார்ந்து எதையோ கேட்டார். ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் பலகையில் ஒரு வரி உண்டு. இந்த வேலையில் வளர்ச்சிக்கு என்ன வாய்ப்பு?

ஜெபராணியின் கை மடியை விட்டு எழுந்தது.

கதவுக்கு வெளியே அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

கை நீண்டது. அதிகாரியின் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டியது.

பலகையில் டம்ளர் கிடையாது.

அதிகாரி டம்ளரைப் பார்த்தார். ஜெபராணியைப் பார்த்தார். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

மூடிய பேனா திறந்தது.

ஜெபராணி வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“மேடம், நீங்க எழுதிப்போட்ட கேள்விய நான் கேக்கல.”

“பின்ன?”

“இந்தத் தண்ணிய மேல ஏத்துனது யாருன்னு தெரியுமா சார்னு கேட்டேன். இவன்தான்னு சொல்லிட்டேன்.”

இசக்கிராஜா தலையில் அடித்துக்கொண்டான். “ஏட்டி, அதப் போயி ஏன் சொன்ன?”

“நீ சொல்லலல்லா? பம்ப்செட் கம்பெனிக்காரங்ககிட்ட போயி கடின உழைப்பாம். மூதி!”

போன மாதம் ஹாஸ்டல் போர்வெல் மோட்டார் புகைந்தது. புதுசு வர வாரமாகும் என்றார்கள். இசக்கிராஜா நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு குழாயைத் தூக்கினான். எரிந்த காயில் கம்பியைப் பிரித்துப் புதிதாகக் கட்டி இறக்கினான். ராத்திரிக்குள் தண்ணீர் வந்தது.

அன்றைக்கு வகுப்பில் வைத்த பயிற்சி இன்டர்வியூவுக்குக் கிரீஸ் கையோடு ஓடிவந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியது அவள்தான். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

‘கைகள் மடியில்.’ அந்த வரி பலகையில் ஏறியது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தது. அதிகாரி கையில் காலி டம்ளர்.

“இந்த அம்மணிய நாங்க எடுத்துக்கறோமுங்க. அடுத்தவனுக்காக வாயத் தொறக்கற ஆளு எங்களுக்கு வேணும்.”

அவர் கண் இசக்கிராஜா பக்கம் திரும்பியது.

“தம்பி, நீ உள்ள வா. மத்தவிங்களும் போயிராதீங்க. மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாமுங்க.”

இசக்கிராஜா டையை இழுத்துவிட்டுக்கொண்டான். என்ன சொல்லட்டும் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

பலகையில் இருந்த அத்தனை வரியும் தொண்டைவரை வந்தது.

விழுங்கினாள்.

“கையை மேசை மேல வை. போ.”

கதவு மூடியது.

மேசைமேல் இரண்டு கைகள். நகக்கண்ணில் கறுப்பு. அதிகாரி குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

ஒரு கை எழுந்தது. காற்றில் கம்பி சுற்றியது. இன்னொரு கையும் எழுந்தது. பாதாளத்திலிருந்து எதையோ தூக்கியது. கனத்தது. தூக்கிவிட்டது.

அதிகாரியின் நாற்காலி முன்னால் நகர்ந்தது.

வெளியே பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன மேடம் சொல்லுதான்?” ஜெபராணி கேட்டாள்.

அவள் அவன் உதட்டையே பார்த்தாள். ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை.

முதுகு தானாக நிமிர்ந்தது.

“தெரியலையே,” என்றாள்.