வால்வும் இலைக்கஞ்சியும்

"மெக்கானிக்கல் வால்வே போடுங்கோ டொக்டர்."

டொக்டர் புவாத் இன்னும் விளக்கி முடிக்கவில்லை. அதற்குள் சிவபாலன் முடிவைச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி அருந்ததி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவசரப்படாதீங்க," என்றார் டொக்டர். "திசு வால்வு போட்டா பத்துப் பதினஞ்சு வருஷத்தில திரும்ப மாத்த வேண்டி வரும். ஆனா வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படாது. மெக்கானிக்கல் நீண்ட காலம் உழைக்கும். ஆனா இரத்தம் உறையாம இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை போடணும், சாகும்வரைக்கும். உங்கட வயசுக்கு ரெண்டும் சரி. வீட்டில கதைச்சிட்டுச் சொல்லுங்க."

"கதைக்க ஒண்டும் இல்லை. ரெண்டாந்தரம் நெஞ்சைத் திறக்கிற வேலை எனக்கு வேண்டாம்."

நல்ல காரணம்தான். ஆனால் சிவபாலனின் உண்மையான காரணம் அதுவல்ல. அது பச்சை நிறத்தில், தேங்காய்ப்பால் விட்டு, தினமும் காலையில் அருந்ததியின் கையால் வரும் இலைக்கஞ்சி.

வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரையும் முசுமுசுக்கையும் தேடி வாங்கி, கழுவி, அரைத்து, காய்ச்சி, அவர் காலை நடைக்குப் புறப்படும்போது பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பாள்.

"கடற்கரையில இருந்து ஆறுதலாக் குடியுங்கோ. நெஞ்சுக்கு நல்லது."

சிவபாலனுக்கு அந்த மணமே ஆகாது. லிஃப்டில் இறங்குவார். கேற்றடியில் காவல் நிற்கும் வாச்சர் கிளறன்ஸிடம் பிளாஸ்கை நீட்டுவார். கிளறன்ஸ் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்துவிட்டு, கழுவியும் கொடுப்பார்.

"எப்பிடி இருந்தது?" என்று அருந்ததி கேட்பாள்.

"அந்த மாதிரி, நல்ல ருசி," என்பார் சிவபாலன். வருஷக்கணக்காக இந்த நாடகம் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒப்பரேசன் என்றதும் அவர் பயந்தது கத்திக்கு அல்ல. அதற்குப் பிறகு வாரக்கணக்காக வீட்டில் படுக்கை. நடை இல்லை, பிளாஸ்க் இல்லை, கிளறன்ஸ் இல்லை. அருந்ததி தம்ளரோடு தலைமாட்டில் நிற்பாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நகரமாட்டாள்.

அந்த நேரத்தில்தான் கொள்ளுப்பிட்டி ஒபிஸில் கூட வேலைசெய்யும் சாந்தன் சொன்னான்: "மெக்கானிக்கல் வால்வு போட்ட ஆக்கள் கீரைப் பக்கமே போகக்கூடாதாம் அண்ணை. குளிசைக்கு ஒத்துவராதாம்."

சிவபாலனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. கஞ்சிக்குப் பயந்து ஒரு மனிதன் இதய வால்வைத் தெரிவு செய்வானா என்று கேட்காதீர்கள். கலியாணம் முடித்துக் கனகாலம் ஆனவர்களுக்கு விளங்கும்.

"டொக்டர், அந்தக் குளிசை எடுத்தால் கீரை சாப்பிடக்கூடாதுதானே?" அருந்ததிக்கு நன்றாகக் கேட்கும்படி கேட்டார்.

"யார் சொன்ன? தாராளமாச் சாப்பிடலாம்."

சிவபாலனின் முகம் விழுந்துவிட்டது.

"ஆனா அளவு திடீரெண்டு மாறக்கூடாது. நீங்க வழமையாச் சாப்பிடுறதுக்கு ஏத்த மாதிரித்தான் நாங்க குளிசையைச் சரிக்கட்டுவம். பிழையாச் சொன்னா, மருந்து கூடி உள்ளுக்குள்ள இரத்தம் கசியும், இல்லாட்டிக் குறைஞ்சு வால்வில கட்டிபடும். உயிர் விஷயம். அதால உண்மையைச் சொல்லுங்க. கீரை அடிக்கடி எடுக்கிறீங்களா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தார். அருந்ததி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தாள்.

இல்லை என்று சொன்னால் தனக்கு நல்லது. ஆனால் இத்தனை காலம் விடியமுன்னம் எழும்பி இலை அரைத்தவள், ஒரு அந்நிய மனிதனுக்கு முன்னால் அதைக் கேட்க வேண்டும். சிவபாலனுக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லை.

"ஓம் டொக்டர். ஒவ்வொரு நாளும் இலைக்கஞ்சி குடிக்கிறனான். ஒரு நாளும் விடுறேல்லை."

டொக்டர் எழுதுவதற்குக் குனிந்தார்.

"அதை எழுதாதேங்கோ டொக்டர்," என்றாள் அருந்ததி. "இவர் ஒரு சொட்டும் குடிக்கிறேல்லை. எல்லாம் எங்கட வாச்சர்தான் குடிக்கிறது."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு தெரிந்தது.

"அப்ப கீரை குறைவு. அப்படியே இருக்கட்டும். மெக்கானிக்கலே போடுவம்," என்று எழுதினார்.

வெளியே வந்ததும் சிவபாலன் மெல்லக் கேட்டார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பல்கனியில நிண்டால் கேற் வடிவாத் தெரியும்."

"எவ்வளவு காலமா?"

"துவக்கத்திலயிருந்தே."

"கோவமில்லையோ?"

"கோவம்தான். கஞ்சிக்கில்லை. என்ர முகம் வாடக்கூடாது எண்டு உங்கட உயிரை விடப் பாத்தியளே, அதுக்கு." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "சரி, அதை விடுங்கோ. இப்ப என்ர யோசனை வேற. நீங்கள் படுக்கையில கிடக்கிற நாளில பிளாஸ்கை ஆர் கீழ கொண்டுபோறது?"

"ஏன், நீரே கொண்டுபோய்க் குடுக்கலாமே."

"நான் குடுத்தால் கிளறன்ஸ் வாங்காது. முந்தி ஒருக்கா பாண் குடுத்தனான், சாப்பிட்டாச்சு எண்டு பொய் சொல்லித் திருப்பித் தந்திட்டுது. கொட்டாஞ்சேனையிலயிருந்து வெறும் வயித்தோட வாற மனுசன். உங்களைக் கஞ்சியிலயிருந்து காப்பாத்துறன் எண்டு நினைச்சுத்தான் அது குடிக்குது."