ஒரே கொட்டகையில் இரண்டு சவ வண்டிகள்

மேலத்தெருச் சபைக்கும் கீழத்தெருச் சபைக்கும் ஆண்டவர் ஒருவர்தான்; சவ வண்டி மட்டும் தனித்தனி. இரண்டு போதகர்களும் கூடிப் பேசி, வண்டிகளை ஒரே கொட்டகையில் நிறுத்தினார்கள். எந்தச் சாதிக்காரர் இறந்தாலும் இனி முறைவைத்துத்தான் வண்டி போகும் என்று அறிவித்தார்கள்.

முதலில் இறந்தவர் கீழத்தெருக்காரர். மேலத்தெரு வண்டி அவரைச் சுமந்துவிட்டுத் திரும்பியது.

"பார்த்தியா, இனி நாம ஒண்ணுதான்" என்றது.

"உன் மேல எங்க ஆளு படுத்தது பெருசில்ல. என் மேல உங்க ஆளு படுக்கட்டும், அப்புறம் பேசு" என்றது கீழத்தெரு வண்டி.

அடுத்து மேலத்தெரு ஞானாபரணம் இறந்தார். உறவினர்கள் பெட்டியோடு கொட்டகைக்கு வந்து மேலத்தெரு வண்டியையே இழுத்தார்கள்.

"நான் சொல்லல?" என்றது கீழத்தெரு வண்டி.

போதகர்கள் இருவரும் வந்து, கீழத்தெரு வண்டியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை. கடைசியில் பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஞானாபரணத்தின் மகள் எழுந்தாள்.

"அப்பாவை இதுலயே வைங்க."

பெட்டி ஏறியது. வண்டி நகர்ந்தது.

"இப்பவாவது நம்புறியா?" என்று கேட்டது மேலத்தெரு வண்டி.

"முதல்ல உங்க தெருவைத் தாண்டட்டும்" என்றது கீழத்தெரு வண்டி.