சின்ன சர்வர் போதும்

"உளவு பார்க்கத்தான் வந்திருக்கா. இல்லேன்னா இஸ்திரி செக்‌ஷன்ல ரெண்டு நாளா அவளுக்கு என்ன வேலை?"

சங்கச் செயலாளர் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனாலும் அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்டது. அவருக்கு 'மைக்' என்று பெயர் வந்ததே அதனால்தான்.

ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற கம்பெனி அது. பல வருஷத்துக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் எடுக்க ஒரு டேட்டா வேர்ஹவுஸ் வரப்போகிறது. அதற்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும் என்று அளந்து சொல்ல வந்த இன்ஜினீயர்தான் அந்தப் பெண்.

"சர்வரை அளக்க வந்தவ கம்ப்யூட்டர் ரூம்லதானே இருக்கணும்?" என்றார் மைக்.

அவர் பயம் வேறு. இஸ்திரி மெஷினில் நிற்பவர்களில் ஒருத்தி அவருடைய தங்கை. சூட்டு உருளையில் கை மாட்டியதிலிருந்து அவளுக்கு மூன்று விரல் மடங்காது. மற்றவர்கள் தேய்ப்பதில் பாதி தேய்ப்பதற்குள் திணறிவிடுவாள். பக்கத்து மெஷின் பெண்கள் தாங்கள் தேய்த்ததில் கொஞ்சம் எடுத்து, சூப்பர்வைசர் திரும்பும் நேரம் பார்த்து அவள் அடுக்கில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் எல்லா அடுக்கும் ஒரே உயரத்தில் நிற்கும்.

விஷயம் மேலே தெரிந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

"நாங்க வைக்கும்போது அந்தப் பொண்ணு பார்த்துடுச்சுண்ணே" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

"பார்த்துட்டு?"

"ஒண்ணும் சொல்லலை. எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிடுச்சு."

"தண்ணி குடிக்கவா, மேல போய் வத்தி வைக்கவா?"

புது மெஷின் எது வந்தாலும் பேச்சுவார்த்தையில் சங்கம் இருக்கும் என்பது வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை. முதலாளி அறைக்குள் போன மைக், நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த இன்ஜினீயர் பெண் தங்கையைப் பற்றி வாயைத் திறந்தால் எப்படி மடக்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

அவள் திறந்தாள்.

"சின்ன சர்வர் போதும் சார். ஒரு விரிப்பு மூட்டை வெளிய போனா கணக்குல ஒரு வரி, திரும்பி வந்தா ஒரு வரி. அவ்வளவுதான் சேரப்போகுது. காலையில மூட்டை ஏத்திட்டுப் போற எல்லா டிரைவரும் ஒரே நேரத்துல டெலிவரி சீட்டு கேட்டாலும் தாங்கும். புதுசா ஆஸ்பத்திரி சேர்ந்தாலும் இடம் விட்டிருக்கேன்."

தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்குக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் குரலும் வந்துவிட்டது.

ஆனால் முந்திக்கொண்டவர் அங்கே உட்கார்ந்திருந்த முதலாளியின் மச்சான். கம்ப்யூட்டர் வியாபாரி.

"அத்தான், இது விளையாட்டுச் சாமான். நான் சொன்ன பெரிசையே போடுங்க. எந்தக் கணக்கையும் தூக்கிப் போடாம அத்தனையையும் வச்சுக்கலாம். என்னைக்காவது உதவும்."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் மைக். "முதலாளி கார் மட்டும் வருஷா வருஷம் நீளமாகிட்டே போகுது. தொழிலாளிக்குன்னா சின்னது போதுமா? சீட்டு லேட்டானா வெயில்ல காயறது எங்க டிரைவர். சங்கம் பெரிய சர்வர் கேக்குது. எழுதிக்குங்க."

மச்சானும் சங்கமும் ஒரே பக்கம் நின்றது அந்தக் கம்பெனியில் அதுதான் முதல் தடவை. முதலாளி ஆடிப்போனார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறாங்களேம்மா. பெரிசு போட உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சுண்டியது. குரல் மட்டும் மாறவில்லை.

"தெரியும் சார். இந்தக் கணக்கையெல்லாம் வச்சு நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்?"

"விரிப்பு எந்த ஆஸ்பத்திரியில தொலையுதுன்னு தெரியணும். வேற என்ன?"

"அதுக்கு மூட்டைக் கணக்கு போதும். அதுக்கு மேல வாங்கினா, நீங்க கேக்காத கேள்விக்குப் பதில் சேர்த்து வைக்கத்தான் வாங்கறீங்க."

"புரியாத பாஷை பேசி ஏமாத்தாதீங்க மேடம்" என்றார் மைக்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். முதலாளி ரெண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சின்னதுக்கே கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் மைக் அவளை மறித்தார்.

"முதலாளிக்குச் செலவை மிச்சம் பண்ணிக் கொடுத்து நல்ல பேர் வாங்கிட்டீங்க. பெரிசு போட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு லாபம்தான் அண்ணே. பெரிசுன்னா இன்னும் பல மாசம் எனக்கு இங்க வேலை இருந்திருக்கும்."

"பின்ன ஏன் ஒத்தைக் கால்ல நின்னீங்க?"

அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒவ்வொரு இஸ்திரி மெஷினும் எத்தனை விரிப்பு தேய்ச்சுதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு அனுப்பிட்டே இருக்கு. வைக்க இடமில்லாம இப்ப அது அன்னன்னிக்கே அழிஞ்சுடுது. நீங்க சங்கத்து பேர்ல கேட்டீங்களே பெரிய சர்வர், அது வந்திருந்தா அந்தக் கணக்கு ஆள்வாரியா உள்ள போய் உட்கார்ந்திருக்கும்."

மைக் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"விரல் மடங்காத அந்த அக்காவை நான் பார்த்தேன் அண்ணே. அவங்களைப் பார்க்கத் தெரியாத சர்வராத்தான் தேடினேன்."