பின்னால் உட்கார்ந்த வண்டி

"எல்லாம் இவளோட கல்லுதான்!"

மார்வாவின் பட்டறைக்குள் நுழைந்ததும் வெண்டெல் போட்ட முதல் சத்தமே இதுதான். குட்மார்னிங்கூட கிடையாது. குரலோ, சைலன்சர் கழன்ற டிராக்டர்.

வாசலில் அவருடைய பிக்கப் நின்றது. பின்தொட்டியில் கேம்பர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அடங்கிய குட்டி வீடு. அந்தக் கனத்தில் வண்டி, பின்னங்காலை மடித்து உட்கார்ந்த நாய் மாதிரி மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹெட்லைட் ரோட்டுல விழல மார்வா. எதிர்ல வர்றவன் பூரா என்னைத் திட்டிட்டுப் போறான். ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூடப் போடு. காத்துப் பையும் வை. திருப்பத்துல ஆடாம இருக்க அந்தக் கம்பியையும் மாட்டிடு."

"இது என்ன ஐஸ்கிரீம் கடையா பெரியவரே, எல்லாத்துலயும் ஒரு கரண்டி கேக்குறீங்க?" மார்வாவுக்குப் பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும். "பட்டை போட்டா பாரம் தாங்கும். ஆனா கேம்பரை இறக்கி வெச்ச அன்னைக்கு வண்டி தவளையாக் குதிக்கும். காத்துப் பைன்னா வேணுங்கறப்ப ஊதிக்கலாம், வேணாங்கறப்ப இறக்கிக்கலாம். உங்களுக்கு அதான் சரி. முதல்ல எடைச்சீட்டைக் காட்டுங்க."

தானியக் கிடங்கு எடைமேடையில் போட்ட சீட்டு. மார்வா அதையும் பார்த்தாள், வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று டிரைவர் கதவில் ஒட்டியிருந்த எண்ணையும் பார்த்தாள்.

"இருநூத்தித் தொண்ணூறு பவுண்டு அதிகம்."

"அதுக்குத்தானே பை வைக்கச் சொல்றேன்!"

"பை வண்டியைத் தூக்கும். கதவுல இருக்கிற எண்ணைத் தூக்காது. பிரேக்கு அதே பிரேக்கு, அச்சு அதே அச்சு. எடையைக் குறைங்க, மாட்டித் தர்றேன். இல்லைன்னா அரிசோனா பயணத்தை மறந்துடுங்க."

"கேட்டுக்கிட்டியா ட்ரூடி?"

கதவோரம் நின்ற மனைவி ட்ரூடி, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

முப்பது வருஷமாக ஆரெகன் மலைகளில் இடிமுட்டை பொறுக்கியவள் அவள். வெளியே கருகின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும் கல். அறுத்தால் உள்ளே நட்சத்திரம். அரிசோனா கல்சந்தையில் இந்த வருஷம்தான் முதல்முதலாக அவளுக்கென்று ஒரு மேசை கிடைத்திருந்தது. அதற்காக மூன்று பெட்டிக் கல்.

"ஆறு வருஷமா முனகாத வண்டி, இந்தக் கல்லு ஏறினதும் உக்காந்துடுச்சு. மூணு பெட்டியும் இறங்கட்டும்!"

"கல்சந்தைக்குக் கல்லு இல்லாமப் போய் நான் என்னத்தைக் காட்ட? வெறும் மேசையையா?"

"மேசையும் கனம்தான்."

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பண்ணைக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"பாவம்யா அந்தம்மா."

"இந்த ஆளோட எப்படித்தான் குப்பை கொட்டுதோ!"

ட்ரூடி சண்டை போடவில்லை. கேம்பருக்குள் ஏறி, ஒவ்வொரு பெட்டியாக நகர்த்திக் கொடுத்தாள். கடைசிப் பெட்டியை மட்டும் ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தாள். மூன்றும் பட்டறைத் தராசில் ஏறின.

"நூத்தி எண்பது. இன்னும் நூத்திப் பத்து இறங்கணும்."

"அவளோட இரும்புச் சட்டி!"

"எட்டு பவுண்டு. இன்னும் நூத்தி ரெண்டு."

"அவளோட… அவளோட…" வெண்டெல் தலையைச் சொறிந்தார். இனி ட்ரூடியையே இறக்கினால்தான் உண்டு.

"நகருங்க, நானே பாக்குறேன்" என்று மார்வா கேம்பர் படியில் கால் வைத்தாள்.

வெண்டெல் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "உள்ள ஒண்ணும் இல்ல! நான் பாத்தாச்சு!"

மார்வா அவரை ஓரங்கட்டிவிட்டு ஏறினாள். உள்ளே இருக்கைக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. தொம். தொம்.

"யாரு தண்ணித் தொட்டியைக் கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்சது?" மூக்குக் குரல் வீச்சென்று வந்தது. "நாப்பது கேலன்! முந்நூத்தி முப்பது பவுண்டு! காலியா ஓட்டிட்டுப் போய், தங்குற இடத்துல பிடிச்சுக்குவாங்க. நேத்து கேம்பர் வாங்கினவனுக்குக்கூட இது தெரியுமே!"

எல்லோரும் ட்ரூடியைப் பார்த்தார்கள். ட்ரூடி வெண்டெலைப் பார்த்தாள். வெண்டெல் தரையைப் பார்த்தார்.

டிராக்டர் அணைந்து, எலி பேசியது.

"நான்தான்."

"எதுக்கு?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி, நெவாடாவுல. காலையில இவ இந்தக் கேம்பர் படியில உக்காந்து காபி குடிச்சுட்டு, 'நம்ம வீட்டுக் காபி மாதிரி வரலை'ன்னு மூஞ்சியைச் சுளிச்சா. ஊர் ஊருக்குத் தண்ணி மாறுதில்ல? அன்னையிலேர்ந்து எப்பக் கிளம்பினாலும் நம்ம கிணத்துத் தண்ணிதான். போய்ச் சேர்ந்ததும், அங்க பிடிச்சதுன்னு சொல்லிடுவேன். தெரிஞ்சா எதுக்கு இந்தச் சுமைன்னு ஊத்தச் சொல்லிடுவா."

பெஞ்சில் உச்சுக் கொட்டல் நின்றது.

ட்ரூடி வண்டியைச் சுற்றிப் போய், தொட்டியின் வடிகுழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சளசளவென்று வாசலெல்லாம் ஓடியது.

"அடியே! அது நம்ம கிணத்துத் தண்ணிடி!"

"ஓடட்டும். கல்லை ஏத்து."

"அப்ப காபி?"

"நான் தண்ணியையா குறை சொன்னேன், மக்குக் கிழவா? வீட்டுல காபி போடுறது நீ. கேம்பர்ல போடுறது நான்."