கைக்கு எட்டாத சுரம்

“இன்னா வெக்கம் இவருக்கு? மிஸ்ஸே கேக்கலன்னா வேற யாரு கேப்பாங்க?” என்று சொல்லிக்கொண்டே ஷர்மிளா கணவனின் சட்டைப்பையிலிருந்து போனை உருவிவிட்டாள்.

இன்பராஜ் இன்னொரு நாள் கேட்கலாம் என்றான். மிஸ்ஸுக்கு வகுப்பு இருக்கும் என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன வகுப்பு என்று அவள் மடக்கினாள்.

பில்கிஸ் மிஸ் சிரித்தபடி பியானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்தவர். சரக்கு பேச இத்தாலிக்குப் போனபோது சிறுமியாக இருந்த அவளையும் கூட்டிப்போனார். அங்கே சரக்கு வாங்கும் வியாபாரியின் வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவள்தான். பிறகு அவள் வாழ்க்கை ஊர் ஊராக, மேடை மேடையாகப் போயிற்று.

இப்போது அதே அப்பாவின் வீட்டில் வகுப்பு எடுக்கிறாள்.

இன்பராஜ் ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பவன். ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வருவான். ஜெர்மனியில் ஓர் இசைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று போன வருஷம் கேட்டான். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் பில்கிஸ். அவளுக்குச் சொல்லாமலே அனுப்பியிருக்கிறான். முதல் சுற்றுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஒலிப்பதிவு மட்டும்தான். அதில் தேர்வாகிவிட்டான்.

தன் கணிப்பு பொய்த்துப் போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஷர்மிளா அந்த ஒலிப்பதிவை ஓடவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள்.

பில்கிஸ் கண்களை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில் எப்போதும் அவசரப்படுவான். இதில் அவசரமில்லை. காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து, இடது கை அகலமாக விரிய வேண்டிய இடம் வந்தது.

இன்பராஜின் கை பெரியது. அந்தச் சுரங்களை ஒரே பிடியில் அள்ளிவிடுவான். ஆனால் போனில் கீழ்ச்சுரம் முதலில் வந்தது. மேல்சுரம் ஒரு கணம் தாமதித்து, படியேறி மூச்சு வாங்குவதுபோல வந்து சேர்ந்தது.

பில்கிஸ் கண்களைத் திறந்தாள்.

அந்த இடத்தைத்தான் நடுவர்கள் தனியாகப் பாராட்டியிருந்தார்களாம். “இவருக்குக் கை பெருசுன்னுதான் மிஸ் எனக்குத் தெரியும். இவ்ளோ மெதுவா தொடும்னு இப்பதான் தெரியுது” என்று ஷர்மிளா சிரித்தாள்.

அது மென்மை இல்லை. கை எட்டாமை.

பில்கிஸின் கை சின்னது. வாழ்நாள் முழுக்க அந்தச் சுரங்களை அவளால் ஒருசேர அழுத்த முடிந்ததில்லை. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைத் தொடுவாள். எவ்வளவு பதனிட்டாலும் மாட்டின் பழைய முள்கீறல் தோலில் தெரியும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் இன்பராஜின் வேலை. இந்தக் கீறலை அவன் பார்க்கவில்லை.

அவளுடைய வலது கையின் கடைசி விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கத் தொடங்கிய சமயத்தில் எடுத்த பதிவு அது. முழுவதும் மடங்குவதற்குள் ஒரே ஒருமுறை வாசித்துவிட நினைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். இன்பராஜ் மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசித்து முடித்ததும் அவளுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. யாரும் கேட்க வேண்டாம், அழித்துவிடு என்றாள். அழித்துவிட்டேன் மிஸ் என்று அவன் போனை நீட்டிக் காட்டினான்.

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவன் சொன்னதே போதுமாக இருந்தது.

தன் கடைசி வாசிப்பை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். நன்றாக இருந்தது. அவள் வாசித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

நிறுத்தச் சொல்லாமல் கடைசிவரை கேட்டாள்.

ஷர்மிளா கை தட்டினாள். ஆற்காட்டிலிருந்து வாங்கி வந்த மக்கன் பேடாவைத் தட்டில் வைத்துக் கொண்டுவர உள்ளே போனாள்.

இன்பராஜ் முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பில்கிஸ் காத்திருந்தாள். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கான பதிலைக்கூட மனதுக்குள் தேடி எடுத்து வைத்துவிட்டாள்.

அடுப்படியில் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. அவன் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஷர்மிளாவுக்குத் தெரியாது மிஸ். அடுத்த மாசம் அங்க போயி நேர்ல வாசிக்கணும். அந்த எடத்த நீங்க வாசிச்ச மாதிரியே எனக்குச் சொல்லிக் குடுங்க.”