ஜெயிக்கிறவர்தான் லீடர்

கண்ணாடி சீனியருக்கும் தாடி சீனியருக்கும் ஒரு மாதமாகக் குடுமிப்பிடிச் சண்டை. வாடிக்கையாளரின் இணையப் பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் நிரலை ஸாஸ் என்ற கருவியில் எழுதி எடுப்பதா, எழுதி முடித்தபின் போஸ்ட்சிஎஸ்எஸ் என்ற கருவியில் மெருகேற்றுவதா? பக்கம் மட்டும் பிறக்கவே இல்லை.

"ரெண்டையும் செஞ்சு காட்டும்மா. ஜெயிக்கிறவர்தான் லீடர்," என்றார் மேலாளர், ஜூனியரான என்னிடம்.

திரையில் இரண்டு பக்கங்களை வைத்தேன். "இடது ஸாஸ், வலது போஸ்ட்சிஎஸ்எஸ்."

"இடதுல என்ன துல்லியம்!" என்றார் கண்ணாடி.

"முதல்ல கண்ணாடிய மாத்துய்யா! வலதுதான் வெண்ணெயா வழுக்குது," என்றார் தாடி.

"எனக்கு வித்தியாசமே தெரியலையே சார்."

"உனக்கெப்படிம்மா தெரியும்? உங்க வீட்ல காலேஜ் பக்கம் போன முதல் ஆளே நீதானே!" இதில் மட்டும் இருவரும் கூட்டணி.

"ரெண்டும் ஒரே ஃபைல் சார். நான் கையால எழுதின வெறும் சிஎஸ்எஸ்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "எப்ப முடிப்பீங்க, லீடர் மேடம்?"

"முடிச்சுட்டேன் சார். அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்."