மேகமில்லாத நிழல்

யாகுட்ஸ்க் அலுவலகத்தின் ஜன்னலில் உறைபனி பூத்திருக்கிறது. காலை வெயில் அதில் கலங்கி நுழைகிறது. துயாரா கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. உறைந்த ஆற்றின் நடுவே ஒரு சாம்பல் திட்டு. நேற்றைய செயற்கைக்கோள் படத்தில் அதை மேகத்தின் நிழல் என்று குறித்துவிட்டாள். இன்றைய படத்தில் மேகமே இல்லை. திட்டு மட்டும் பெருத்திருக்கிறது. பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு மேலே பொங்கிய நீர் அது. உறைந்த ஆற்றின் மேல் லாரிகளுக்கு அவள் வரைந்து தந்த பாதை வரைபடத்தை நம்பி, கணவன் கெஸ்கில் அந்த வழியாகத்தான் லாரி ஓட்டிப் போகிறான். அவனை அழைக்கிறாள்; அவனுடைய சாட்டிலைட் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக எடுக்கிறான். “எங்க இருக்கே?” “ஆத்தங்கரையிலதான். ஏன் கத்தறே? நீ எப்பவும் கேலி பண்ணுவியே, அந்த அப்பம்... ஆத்து சாமிக்குப் படையலா ஒண்ணு போட்டுட்டு பனிமேல இறங்கறேன்.” “இறங்காதே,” என்கிறாள். “இன்னொண்ணு போடு.”